செம்பியின் தண்ணீர்க் கிண்ணம்

மே 9, காட்பாடி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. எங்கள் நாய் செம்பி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், வாசலிலேயே சிறுநீர் போகிறாள். "வேலூர் வெயிலுக்கு நானே ஒரு குடம் குடிக்கிறேன், அவ குடிச்சா என்னா?" என்றார் அம்மா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். நுண்ணுயிரியல் படிக்கிறவள் விட்டிருக்கக் கூடாது. மார்ச்சில்தான் பருவத்துக்கு வந்தாள்.

மே 11

சோற்றைத் தொடவில்லை. பின்பக்கம் சீழ் நாற்றம். ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ்: பயோமெட்ரா. மாலையே ஆபரேஷன், சூலகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். தாகத்துக்குக் காரணம் வெயில் இல்லை. கிருமியின் மேலுறை நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நீர் உடம்பில் தங்குவதில்லை.

லேபில் வளர்த்துப் பார்க்க, சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்த ஒரு ஸ்வாப் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

மே 13

கிருமி வளர்க்கும் மெக்கான்கி தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். எதிர்பார்த்த ஈ. கோலை பாக்டீரியாதான். ரத்தம் கலந்த அகார் தட்டில் அவற்றைச் சுற்றித் தெளிந்த வளையம். சிவப்பணுக்களை உடைக்கிற ரகம்.

"தெரு நாய்ங்களோட சேர்ந்து வாங்கிட்டு வந்துட்டா" என்று அம்மா திட்டித் தீர்க்கிறார். பாவம், தெரு நாய்கள். பெரும்பாலும் இது அவளுடைய குடலிலேயே இருப்பது. பருவத்தில் கர்ப்பப்பை வாய் திறக்கும்போது உள்ளே ஏறுகிறது. பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நாய்க்கு இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். உட்சுவர் தடிக்கும், சுரப்பிகள் ஊறும், தசை சுருங்காது, எதிர்ப்பு குறையும். கிருமிக்கு மாமியார் வீட்டு விருந்து.

மே 17

குடலில் சாதுவாக இருந்தது இங்கே ஏன் இப்படி? சீனியரிடம் பிரைமர்கள் வாங்கி, குறிப்பிட்ட மரபணுக்கள் இருக்கின்றனவா என்று தேடும் பி.சி.ஆர். சோதனை போட்டேன். ஃபிம்-ஹெச் என்ற ஒட்டும் மரபணுவின் பட்டை வந்தது. அது சாதுவான ஈ. கோலையிலும் உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பாப், ஹீமோலைசின், சி.என்.எஃப். என்ற மூன்று மரபணுக்களும் பளிச்சென்று வந்தன. ஒட்டிக்கொள்ள ஒன்று, செல்லைத் துளைக்க ஒன்று, செல்லின் உட்கட்டமைப்பைக் குலைக்க ஒன்று. பிந்தைய இரண்டும் பல ரகங்களில் மரபணுத் தொடரில் அடுத்தடுத்தே உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்ட ஒரு நீளத் துண்டில். ஈ. கோலை என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர, 2002-இல் மூன்று ரகங்களை ஒப்பிட்டபோது மொத்தப் புரதங்களில் சுமார் 39 சதவீதம்தான் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது.

மனிதருக்கு நீர்க்கடுப்பு கொடுக்கும் ரகங்களிலும் இதே மரபணுக்கள் உண்டு. ஒரே வீட்டு மனிதரும் நாயும் ஒரே ரகத்தைச் சுமப்பதும் பதிவாகியிருக்கிறது. போன மாதம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. இந்தப் பேச்சை வீட்டில் எடுக்க எனக்குத் தைரியமில்லை.

மே 21

தையல் பிரித்தாயிற்று. அரைக் கிண்ணம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

"அந்தக் கிருமி இப்போ எங்கடி இருக்கு?"

"லேப் ஃப்ரீஸர்ல, மைனஸ் 80-ல. பேர் எழுதி வச்சிருக்கேன்."

"என்னா பேரு?"

"செம்பி-1."

அம்மா சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.