அய்யன் துப்பாக்கியும் என் மாத்திரைச் சீட்டும்

எங்கய்யன் (அப்பா) 2022 ஐப்பசியில் தவறிப்போனார். கருமாதி முடிந்து சனமெல்லாம் கிளம்பிய மறுநாள் அக்காதான் முதலில் கேட்டாங்க. "ஏங்கண்ணு, அய்யன் துப்பாக்கிய என்ன பண்றது?"

அது இரட்டைக்குழல் துப்பாக்கி. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் வாங்கியது. கட்டையில் அய்யன் கன்னம் வைக்கும் இடம் மட்டும் வழவழவென்று வெளுத்திருக்கும். லைசன்ஸ் அவர் பெயரில். அவர் போன பிறகு அதை நாங்கள் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். நான் கோயமுத்தூரில் ஒரு கடையில் ஒப்படைத்தேன். "பொறகு பாத்துக்கலாம்" என்று ரசீதை பீரோவில் வைத்தேன். அந்தப் "பொறகு" வர ஒன்றேகால் வருசம் ஆகிவிட்டது.

காரணம் நான்தான். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர். அந்த வருசம் மஞ்சளில் கிழங்கு அழுகல். பறிக்கப் பறிக்கக் கையில் கூழாக வந்தது. அய்யன் இருந்தால் திட்டியாவது இருப்பார். எனக்குத் தூக்கம் போனது, பசி போனது. விடியற்காலை மூணு மணிக்குச் சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் உட்கார்ந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் விடியும்வரை இருப்பேன். சம்சாரம்தான் ஈரோட்டில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் நாளே அந்த டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வீட்ல துப்பாக்கி ஏதாச்சும் இருக்குங்களா?" அய்யன் துப்பாக்கி கடையில் இருப்பதைச் சொன்னேன். "வேற?" என்றார். பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) ஒன்று அட்டாலியில், பரண்மேல் இருந்தது. அது 4.5 மில்லிமீட்டர் குழல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள். அதற்கு லைசன்ஸ் வேண்டியதில்லை. அதனால் அதை நான் ஆயுதமாகவே நினைத்ததில்லை. டப்பா மூடியை வேலியில் கட்டிச் சுட்டுப் பழகுகிற சாமானாகத்தான் நினைத்தேன். "லைசன்ஸ் வேண்டாங்கறது சட்டத்துக்குங்க. நான் கேக்கறது உங்க வீட்டுக்கு. கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல இருக்கட்டும்" என்றார். அன்று சாயங்காலமே சம்சாரம் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பெல்லட் டப்பாவோடு தன் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மாசங்களில் எனக்காக ஒருவர் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான்.

(ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லைசன்ஸ் வேண்டாம் என்பதால் எதையும் சுடலாம் என்று ஆகாது. எங்கள் பக்கம் மயில் தொல்லை எனக்கும் தெரியும், நெல்லு நாத்தை அது பண்ணுகிற பாடும் தெரியும். ஆனாலும் 1972 வன உயிரினச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர்கனில் அடித்தாலும் வேட்டைதான், ஜெயில்தான்.)

பத்து மாசத்தில் தேறினேன். மாத்திரை ராத்திரிக்கு ஒன்றாகக் குறைந்தது. 2024 தை முடிந்ததும் ரசீதைத் தேடி எடுத்தேன். தனிச்சாளையில் இருக்கிறோம், அதோடு அது அப்பாரு கைப்பட்ட பொருள். காட்டுப்பன்றியைச் சுடுவதற்கென்று யாரும் நினைத்துவிட வேண்டாம், துப்பாக்கி லைசன்ஸ் அந்த அனுமதியைத் தராது.

வாரிசுக்கு லைசன்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. லைசன்ஸ்காரர் இறந்த பிறகு கேட்கலாம். இல்லையென்றால் அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருசம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். இது தெரிந்திருந்தால் அய்யன் இருக்கும்போதே முடித்திருப்பேன். மனு ஏ-1 படிவத்தில். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் (அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாங்க), கடை ரசீது, பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. மாவட்டமென்றால் கலெக்டர் ஆபீஸ். கோவை, திருப்பூர், சேலம் மாநகரத்துக்குள் இருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர் ஆபீஸ்.

இதெல்லாம் அலைச்சல்தான், பயமில்லை. பயம் எஸ்-3 என்ற படிவத்தில் வந்தது. உடலும் மனசும் நலமாக இருக்கிறது, போதைப் பழக்கம் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டிய சான்று. ஆயுதச் சட்டம் 14-வது பிரிவில், சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அதிகாரி நம்பக் காரணம் இருந்தால் லைசன்ஸ் மறுக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு அந்த வரிக்கும் என் மாத்திரைச் சீட்டுக்கும் நடுவில் மூச்சு முட்டியது. தெரிந்தவர்கள் ரெண்டு பேர், "பேசாம வேற டாக்டர்கிட்ட வாங்கிக்குங்க, அந்த விசயத்தை வாயே தொறக்காதீங்க" என்றார்கள். மூணு நாள் அதையே யோசித்தேன். பிறகு என் டாக்டரிடமே போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு: மன நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரை சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். முன்னால் வைத்தியம் பார்த்ததை மட்டுமே வைத்து இப்போது மன நோய் இருக்கிறது என்று முடிவு செய்யவும் கூடாது. 23-வது பிரிவு: சிகிச்சை விவரம் ரகசியம். "ஆனா ஒண்ணுங்க, அந்த ரகசியத்துக்கும் எல்லை இருக்குது. உங்களால இன்னொருத்தருக்கு ஆபத்துன்னாலோ, உசுருக்கே ஆபத்துன்னாலோ, கோர்ட்டு உத்தரவு போட்டாலோ நான் சொல்லித்தான் ஆகணும். இத இப்பவே தெரிஞ்சுக்குங்க" என்றார். முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது. அவர் எழுதிக் கொடுத்தது நாலே வரி: சிகிச்சையில் இருந்தார், தேறிவிட்டார், தொடர்ந்து வருகிறார், இன்றைய நிலையில் ஆபத்துக்கான அறிகுறி இல்லை. என் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்ட பிறகே கொடுத்தார். அதை வைத்து எஸ்-3 படிவத்தை அரசு மருத்துவமனையில் வாங்கினேன்.

மனு போட்டதும் மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. லைசன்ஸ் வைத்திருந்தவர்களே தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். புது மனுவை யார் பார்ப்பார்கள்? ஜூன் வரை ஃபைல் அசையவில்லை.

பிறகு போலீஸ் விசாரணை. எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். விசாரிக்க வந்தவர் சாளைக்கு வருவதற்கு முன்னால் ஊர் டீக்கடையில் நின்று, பத்துப் பேர் நடுவில், "அவரு மெண்டல் மாத்திரை சாப்புடறாராமா?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் என் பையன் காதுக்கு வந்துவிட்டது. "அப்பா, உங்களுக்கு என்னாச்சு?" என்று கேட்டான். அவனை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். ஏர்கன் ஏன் மாமா வீட்டுக்குப் போனது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப தூக்கம் வருதுங்களாப்பா?" என்றான்.

ஒருத்தர் நலமாக இருக்கிறாரா என்று விசாரிக்கப் போலீசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. துப்பாக்கி விசயம், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் டீக்கடையில் கேட்டால் என்ன ஆகும்? அதே ஊரில் என்னைப்போல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடுவான். லைசன்ஸ் போய்விடுமோ என்று டாக்டரிடம் பொய் சொல்வான். அப்போதுதான் நிஜமான ஆபத்து வருகிறது. இதை நான் ஸ்டேஷனுக்கே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், குரல் நடுங்கத்தான் சொன்னேன். அவர் என் முழு சிகிச்சை ஃபைலையும் கொண்டுவரச் சொன்னார். "ஐயா, டாக்டர் சான்று இருக்குதுங்க. ஃபைல் வேணும்னா எந்தச் சட்டத்துல கேக்கறீங்கன்னு எழுத்துல குடுங்க, டாக்டர்கிட்ட காட்டறனுங்க" என்றேன். சான்றை ரெண்டு தடவை படித்தார். டாக்டருக்கு ஃபோன் போட்டு, கையெழுத்து அவருடையதுதானா என்று மட்டும் கேட்டார். ஃபைலைப் பற்றி அப்புறம் பேசவில்லை. "சாளைல எங்க வெக்கப் போறீங்க, சாவி யாருகிட்ட?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அது சரியான கேள்வி. அதை முதலிலேயே, தனியாகக் கேட்டிருக்கலாம்.

மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் அப்பீல் போகவும் தயாராக இருந்தேன். ஆயுதச் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தேவைப்படவில்லை. புரட்டாசி கடைசியில் லைசன்ஸ் வந்தது. கோயமுத்தூர் கடையில் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். கன்னம் வைக்கும் இடம் அப்படியே இருந்தது.

இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவி சம்சாரத்திடம். அடுத்த முறை ஈரோட்டுக்குப் போனபோது டாக்டரிடம் ஒன்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: மறுபடியும் மூணு மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்தால், முதலில் துப்பாக்கி கடைக்குப் போகும், அப்புறம்தான் மாத்திரை மாற்றுகிற பேச்சு. எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்.

லைசன்ஸ் இப்போது 5 வருசத்துக்கு. 2029-ல் புதுப்பிக்கும்போதும் சான்று கேட்டால் அதே டாக்டரிடம்தான் போவேன். ஏர்கன் இன்னும் மச்சினன் வீட்டில்தான் இருக்கிறது. பையன் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சுட்டுவிட்டு வருகிறான்.