உப்பு மேல பழி

எங்க வீடு பாம்பன். கதவுத் தாழ்ப்பாள்ல இருந்து பைக் செயின் வரைக்கும் உப்புக்காத்து தின்னு தீக்குற ஊரு, அதனால மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடையை அளக்குற மெஷின்) ரிசல்ட் கெட்டுப்போய் வந்தா நான் மொதல்ல திட்டுறது உப்பைத்தான்.

சூடை மீன் சதையில புரோட்டீன் எடுத்து, ட்ரிப்சின்னு ஒரு என்சைம் போட்டு பெப்டைடுங்குற சின்னத் துண்டா வெட்டி, வெளியூர் மெஷினுக்கு அனுப்பியிருந்தேன், சாம்பிளுக்கு இவ்வளவுன்னு காசு வேற கட்டணும் அங்க. வந்ததுல உருப்படியா ஒரு பெப்டைடு இல்ல. சீப்புப் பல்லு மாதிரி வரிசையா பீக், ஒண்ணுக்கொண்ணு 22 இடைவெளி. ஒரு ஹைட்ரஜன் போய் சோடியம் வந்து ஒட்டுனா எடை 21.98 கூடும்ல, சரி உப்பேதான்னு முடிவு பண்ணி பெப்டைடைப் புடிச்சு வெச்சுக்கிட்டு உப்பை விட்டுடுற சி18 டிப்ல ஏத்தி 0.1 சதவீத ஃபார்மிக் ஆசிட்ல கழுவுனேன். அம்மா கருவாட்டுக்கு மூணு தண்ணி விடுவாங்க, நான் ஆறு விட்டேன். திரும்ப அனுப்புனா அதே சீப்பு!

ஜூனியர் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, "அக்கா, ஐசோடோப் பீக்கெல்லாம் அரை அரையா தள்ளி நிக்குதே, சார்ஜ் ரெண்டுல்ல?"ன்னா.

தலையில அடிச்சுக்கிட்டேன். மெஷின் காட்டுறது எடையை சார்ஜால வகுத்த கணக்கு; ஐசோடோப் ஒண்ணொண்ணும் எடையில 1 கூடும், அது அரையா தெரிஞ்சா சார்ஜ் ரெண்டுதான். அப்போ அங்க தெரியுற 22 நெசத்துல 44. சோடியமா இருந்தா 11 தான் தள்ளி இருக்கணும். 44ன்னா எத்திலீன் ஆக்சைடு, அதாவது ட்வீன், ட்ரைட்டான் மாதிரி சோப்பு வகை, பாலிஎத்திலீன் கிளைகால் வகையறாவுல சங்கிலியா திரும்பத் திரும்ப வர்ற துண்டு. இந்த சனியன் சி18லயும் பெப்டைடோடவே ஒட்டிக்கிட்டு அதோடவே எறங்கும், ஆறு தடவை கழுவியும் போனது உப்பு மட்டும்தான். தேடிப் பாத்தா, நான் பஃபர் கரைச்ச பாட்டில்ல முன்னாடி வெஸ்டர்ன் பிளாட்ங்குற புரோட்டீன் டெஸ்டுக்கு ட்வீன்-20 கலந்து வெச்சிருந்திருக்காங்க, லேபிள் கிழிச்ச தடம் இருக்கு. யாருன்னு கேக்கல, நானாவே இருக்கலாம்.

அடுத்த தடவை வெட்டுறதுக்கு முன்னாடியே புரோட்டீன்ல நாலு பங்கு ஐஸ் மாதிரி குளுந்த அசிட்டோன் ஊத்தி மைனஸ் 20ல ராத்திரி பூரா வெச்சேன். காலையில சென்ட்ரிஃபியூஜ்ல சுத்துனா புரோட்டீன் அடியில, ட்வீன் மேல அசிட்டோனோட. அடியில இருக்குறத ரொம்ப காய விட்றாதீங்க, அப்புறம் கரையவே கரையாது. வெட்டுன பெறகு இதைப் பண்ணுறதும் வேஸ்ட், சின்னப் பெப்டைடெல்லாம் அசிட்டோன்லயே தங்கிரும். பஃபருக்கு அமோனியம் பைகார்பனேட், புது டியூப்ல.

இந்த தடவை சீப்பு இல்ல, மீன் பெப்டைடு பளிச்சுனு வந்துச்சு. கூடவே கெரட்டின். அது மனுசத் தோலு, முடியில இருந்து விழுறது. யாருதுன்னு ஸ்பெக்ட்ரம் சொல்லாது, ஆனா ஃபேனுக்கு அடியில தலைய விரிச்சுப்போட்டு பிப்பெட் புடிக்கிற ஆளு எங்க லேப்ல நான் ஒருத்திதான்.