ஆடிக் காத்துல ஒரு இசட் 900

14 ஜூலை 2023, வெள்ளி

வண்டி வந்துருச்சு. கவாசாகி இசட் 900 பைக்கு. வீட்டு வாசல்ல நிக்குது, நான் திண்ணைல ஒக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன், எஞ்சின் ஆறற டிக் டிக் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

திங்கக்கெழம ஆடி பொறக்குது. ஆடில புது வண்டி எடுத்தா அம்மா வாசப்படி ஏற விட மாட்டாங்க, அதனால எப்படியாச்சும் ஆனி முடியறதுக்குள்ள எடுத்துரணும்னு ரெண்டு வாரமா லோன் பேப்பர் பின்னாடியே அலஞ்சேன். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு பத்து லட்சத்துக்கு மேல ஆயிருச்சு, கொப்பரை வியாபாரத்துல இந்தக் காசுக்கு என்னென்ன பண்ணலாம்னு எனக்கும் தெரியும், ஆனா பதினேழு வயசுல ஒருத்தரோட ஆர்.எக்ஸ் 100 பைக்கு பின்னாடி ஒக்காந்து போனப்ப மனசுல உழுந்த வெத இது, இருவது வருசம் காத்துட்டு இருந்துட்டேன்.

டெலிவரி கோயமுத்தூர்ல. அவினாசி ரோட்டுல மேம்பால வேல நடக்கறதால ஊர்ந்து ஊர்ந்துதான் வரணும், அப்படி வர்றப்ப ஜி.டி. கார் மியூசியத்தத் தாண்டினேன். ஜி.டி. நாயுடு சின்ன வயசுல ஒரு வெள்ளக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளப் பாத்துட்டு, அது வேணும்னே கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல வேல செஞ்சு 300 ரூவா சேத்து அதையே வாங்கி, வாங்கின கையோட பார்ட் பார்ட்டா கழட்டி மாட்டிப் பாத்தாராம். இந்த ஊருக்கு மோட்டார் கிறுக்கு அங்க இருந்து வந்ததுன்னுதான் நான் நெனைக்கறேன். டேங்க்க ஒரு தடவ தட்டிக் குடுத்துட்டு நகந்தேன்.

மொதல் கவனிப்பு: சூடு. திருப்பூர் புஷ்பா தியேட்டர் ஸ்டாப்புக்கு வர்றப்ப பனியன் கம்பெனி விடற நேரம், சிக்னல்ல நாலு தடவ எஞ்சினக் குளுத்தற ஃபேன் ஓடுச்சு, அனல் அப்படியே தொடையில அடிக்குது. நாலு சிலிண்டர், 948 சிசி, சூடு இல்லாம எங்க போகும். ஆனா அந்த நெரிசல்லயும் ரெண்டாவது கியர்ல கிளட்ச்சத் தொடாம நடக்கற வேகத்துல வருது பாருங்க, ஒரு தட்டல் கெடையாது, ஒரு இழுவை கெடையாது. என்ற பழைய பல்சர் 220 இந்த வேகத்துல குலுங்கும்.

16 ஜூலை, ஞாயிறு

புது எஞ்சின் பழகணும், ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 4000 ஆர்.பி.எம் (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்தற சுத்து) தாண்டாதீங்கன்னு ஷோரூம்ல சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. இந்த வண்டியோட முழு சக்தி 125 குதிரை, அது வர்றது 9500ல. அப்ப நான் ஓட்டிட்டு இருக்கறது பாதிகூட இல்ல. அது போதாதுன்னு பவர் மோட லோல வெச்சிருக்கேன், லோன்னா மொத்த சக்தில ஒரு 55 சதவீதம்தான் விடும். அதுவே எனக்கு மொதல் ரெண்டு நாளைக்கு எச்சா இருந்துச்சு. ஆக்சிலேட்டர ஒரு நூல் திருப்பினா பல்சர்ல ஒண்ணும் தெரியாது, இதுல முதுகு பின்னாடி போகுது.

ஒரு நூல்னு சொன்னது சும்மா இல்ல. மணிக்கட்டு இருக்கற எடமே மாத்தணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. பழைய பழக்கத்துல மணிக்கட்ட மேல தூக்கிப் புடிச்சிருந்தேன், குழில எறங்கினா கை தானா திரும்பி வண்டி துள்ளுது. மணிக்கட்டக் கீழ எறக்கி, விரல மெதுவா போட்டுப் புடிச்சா அந்தத் துள்ளல் நின்னுருச்சு. வெள்ளகோயில் போயிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

ஊட்டுக்காரம்மா பின்னாடி ஒக்காந்து பாத்தாங்க. பின் சீட்டு ஒரு பலகா சைஸ்தான் இருக்கும், சேலை கட்டிட்டு ஒரு பக்கமா ஒக்கார வழியே இல்ல, புடிக்க ஒரு கம்பி கூட கெடையாது. "ஏனுங்க, இது உங்களுக்கு மட்டும் வாங்குன வண்டிங்க"ன்னு எறங்கிட்டாங்க. வருத்தமா சொல்லல, ஆனா உண்மையச் சொன்னாங்க. குடும்பத்தோட போறதுக்கு இது வண்டி இல்ல, வாங்க நெனைக்கறவங்க இத மொதல்லயே வீட்டுல பேசிருங்க.

22 ஜூலை, சனி

வண்டி கீழ உழுந்துருச்சு.

ரோட்டுல இல்ல, நம்ம களத்துலயே. கொப்பரை காயப்போடற எடத்தச் சுத்தி மட்டையும் மணலுமா கெடக்கும், அங்க வண்டியத் திருப்பலாம்னு ஹேண்டில முழுசா ஒடிச்சு காலால தள்ளிட்டு இருந்தேன். முன் சக்கரம் ஒரு தேங்கா மட்டை மேல ஏறி வழுக்குச்சு. 212 கிலோ. ஒரு அளவு வரைக்கும் தொடையில தாங்கலாம், அந்த அளவத் தாண்டிட்டா மனுசனால ஒண்ணும் பண்ண முடியாது, மெதுவா, ரொம்ப மெதுவா படுத்துருச்சு. களத்துல தேங்கா ஒடைச்சுட்டு இருந்தவங்க மூணு பேரு அருவாளப் போட்டுட்டு ஓடி வந்தாங்க, ஒட்டுக்கா தூக்கினோம்.

கிளட்ச் லீவர் நுனி உருண்டை மண்ணுல தேஞ்சிருக்கு, ஹேண்டில் முனைல ஒரு சுண்டு விரல் நீளத்துக்குக் கோடு. வேற ஒண்ணும் இல்ல. ஆனா மத்தியானம் சோறு எறங்கல. ராத்திரி ஒரு தடவ போயி அந்தக் கோட்டத் தடவிப் பாத்துட்டு வந்தேன். இனிமே களத்துக்குள்ள வண்டி வராது, கேட்டு பக்கத்துல சிமெண்டு போட்ட எடத்துலயே நிக்கட்டும்.

23 ஜூலை, ஞாயிறு

இன்னிக்கு எழுதறதுதான் முக்கியமான விசயம், கொஞ்சம் நீளமாப் போகும்.

பல்லடத்துல இருந்து உடுமலை ரோட்டுல போனேன். ஆடி மாசம் நம்ம பக்கம் எப்படின்னு சொல்லத் தேவையில்ல, பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து காத்து வந்து ஊத்தும், அதுக்காகத்தான இந்தப் பக்கம் பூராவும் கரண்டு காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. வண்டியில முன்னாடி கண்ணாடி கெடையாது, மூடாக்கு எதுவும் கெடையாது, நேக்கட் வண்டின்னா அதான அர்த்தம், மனுசன் நெஞ்சுதான் கண்ணாடி. நேரா எதுத்து வர்ற காத்து பரவால்ல, குனிஞ்சுக்கலாம். பக்கத்துல இருந்து அடிக்கறதுதான்.

பல்லடத்துல இருந்து தெக்க போறப்ப காத்து வலது பக்கம் அடிக்கும். வண்டி நேரா போகணும்னா வலது பக்கம் கொஞ்சம் சாஞ்சே போகணும், காத்து மேல சாஞ்சு ஓட்டற மாதிரி. அது தானா பழகிருது. சிக்கல் எப்ப வருதுன்னா, வலது பக்கம் ஒரு மில்லு காம்பவுண்டு சொவரு வருது, இல்ல எதுக்க ஒரு பஸ்ஸு கடக்குது, அந்த ஒரு நொடி காத்து நின்னு போகுது. நாம சாஞ்சுட்டு இருந்தது எது மேலயோ அது இல்ல. வண்டி பொசுக்குன்னு வலது பக்கம் போகுது. வலது பக்கம்னா எதுக்க வண்டி வர்ற பக்கம். சொவரு முடிஞ்ச ஒடனே மறுபடியும் மளார்னு அடிச்சு இடது பக்கம் தள்ளுது. குடிமங்கலத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல நான் கோட்டத் தாண்டி ஒரு முழம் போயிட்டேன், எதுக்க லாரி தூரத்துல வந்ததால பொழச்சேன். கை ரெண்டும் மரக்கட்டை மாதிரி ஆயிருச்சு. குடிமங்கலம் நால்ரோட்டுல நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன், உடுமலை போகல.

25 ஜூலை, செவ்வாய்

மாமா வந்திருந்தாரு. திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக்கு லாரி ஓட்டறவரு, வட நாடு பூராவும் வண்டியக் கொண்டு போயி வந்தவரு. குடிமங்கலத்துக் கதையச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, என்ற ரெண்டு கையையும் புடிச்சு இப்படி ஹேண்டில் புடிச்ச மாதிரி நீட்டச் சொன்னாரு. நீட்டினேன். முழங்கைய ஒரு விரலால தட்டினாரு, வெறச்சுப் போயி நிக்குது.

"மாப்ள, காத்து உன்ற ஒடம்பத் தள்ளுது, உன்ற ஒடம்பு கைய ஆட்டுது, கை வண்டிய ஆட்டுது. வண்டி கம்முனுதான் போவுது. முழங்கைய மடக்கி வுடு, தொடைல டேங்க்க இறுக்கிக்க."

அதுக்கப்பறம் சொன்னதுதான் எனக்கு மறக்காது.

"ரோட்டப் பாத்தே ஓட்டறயே, தென்ன மரத்தப் பாத்து ஓட்டோணும் கண்ணு. அக்கட்டால நூறு கெசத்துல ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு. ஓலை அசையாம நின்னா அங்க காத்து மறைவு இருக்குதுன்னு அர்த்தம், அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே நிமுந்துக்க."

30 ஜூலை, ஞாயிறு

மாமா சொன்ன மாதிரியே ஓட்டிப் பாத்தேன், அதே பல்லடம் ரோடு. ஓலையப் பாக்கறது வேல செய்யுது. சொவத்துக்கு முன்னாடி மூணு மரம் அடிச்சுட்டு இருக்கும், சொவத்துக்குப் பின்னாடி இருக்கற மரம் தலைய மட்டும் ஆட்டிட்டு நிக்கும், அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிருச்சுன்னா காத்து நிக்கற எடம் ரோட்டுல கோடு போட்ட மாதிரி தெரியுது. தென்ன இல்லாத எடத்துல சோளத்தட்டு, கொடி கட்டின கம்பம், ரோட்டோரம் காயப்போட்ட துணி, எதுவா இருந்தாலும் சரி. இன்னிக்கு வண்டி கோட்டத் தாண்டல.

ஓடோமீட்டர்ல 790 கிலோமீட்டர். மைலேஜ் டேங்க் டு டேங்க் பாத்ததுல லிட்டருக்கு 20ஐ ஒட்டி வருது, இந்த சைஸ் எஞ்சினுக்கு அது நல்ல கணக்கு. பெட்ரோல் 103 ரூவா விக்குது, டேங்க் 17 லிட்டர், நீங்களே பெருக்கிக்கங்க.

3 ஆகஸ்ட், வியாழன்

ஆடிப் பதினெட்டு. குடும்பத்தோட கொடுமுடி, கார்ல. வண்டிக்கும் அம்மா பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் சுத்தினாங்க.

6 ஆகஸ்ட், ஞாயிறு

நேத்து மொதல் சர்வீஸ் முடிஞ்சுது, ஆயில் மாத்தியாச்சு, 4000 கட்டு அவுந்துருச்சு. இன்னிக்கு வெடியால மூணே முக்காலுக்குக் கெளம்பி ஊத்துக்குளி, குன்னத்தூர், கோபி, சத்தின்னு போயி பண்ணாரி அம்மன் கோயில்ல கும்புட்டுட்டு செக்போஸ்ட்ல நின்னேன். ஆறு மணிக்குத்தான் திம்பம் மலை ரோட்டத் தொறந்து விடுவாங்க.

27 கொண்டை ஊசி வளைவு. பல்சர்ல இதுல ஏறறப்ப ஒவ்வொரு வளைவுலயும் ஒண்ணாவது கியருக்கு எறங்கி, கிளட்ச்சப் பாதி புடிச்சு, எஞ்சினக் கதற விட்டு ஏறணும். இதுல பூராவும் ரெண்டாவது கியர்தான். வளைவுக்குள்ள மெதுவா போறப்பவும் எஞ்சின் மூச்சு வாங்கல, வெளிய வர்றப்ப கையத் தொறந்தா ரப்பர் இழுத்து விட்ட மாதிரி வருது. கரும்பு லாரி ஒண்ணு ஒரு வளைவுல பின்னுக்கு வந்து வந்து திரும்பிட்டு இருந்துச்சு, அதுக்குப் பின்னாடி பத்து நிமிசம் சரிவுல நின்னேன், அப்ப மட்டும் இந்த எடை காலுக்குத் தெரிஞ்சுது.

மேல போனா மூடுபனி, ரோடு ஈரம். ரெயின் மோடுல போட்டேன். சக்கரம் வழுக்காமப் பாத்துக்கற டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்குதுங்கறது ஒரு தைரியம், ஆனா அத நம்பி ஈரத்துல வளைவுக்குள்ள கையத் தொறக்கற ஆளு நான் இல்ல. எறங்கறப்ப எஞ்சின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலேட்டர விட்டா எஞ்சினே வேகத்தக் கொறைக்கறது, நல்லா புடிக்குது, மளமளன்னு கியர் எறக்கினாலும் பின் சக்கரம் குதிக்கல, ஸ்லிப்பர் கிளட்ச் அதுக்குத்தான். பின் ஷாக் அப்சார்பர் மட்டும் ஒத்த ஆளுக்குக் கொஞ்சம் கெட்டி, மேடு பள்ளத்துல இடுப்புல குத்துது, அட்ஜஸ்ட் பண்ணிப் பாக்கணும்.

வர்ற வழில ஒரே ஒரு எடம், நேரான ரோடு, ரெண்டு பக்கமும் வயலு, ஆளும் இல்ல ஆடு மாடும் இல்ல. மூணாவது கியர்ல 4000ல இருந்து தொறந்தேன். 6000 வரைக்கும் ஒரு சத்தம். அதுக்கு மேல வேற சத்தம், டேங்க் அடியில காத்த உறிஞ்சற எடத்துல இருந்து வர்ற ஊளை, சைலன்சர் சத்தம் இல்ல அது. கண்ணு ஓரத்துல வயலு பச்சையா ஒழுகுச்சு. டார்க்குன்னு சொல்ற இழுவை சக்தி 98.6 நியூட்டன் மீட்டர்னு பேப்பர்ல படிச்சிருக்கேன், அது வர்றது 7700ல, அந்த எடத்த மீட்டரப் பாக்காமயே வயித்துல சொல்லிருவேன் இனிமே. நாலு எண்ணறதுக்குள்ள கைய எறக்கிட்டேன். இதத் தினமும் பண்ணக் கூடாது. நம்ம ரோட்டுல இந்த வேகத்துக்கு எடம் கெடையாது, பண்ணணும்னா செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கு ஒரு நாள் போயி அங்க பண்ணணும்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

லீவு. விட்ட கொறையா இருந்த உடுமலைய முடிக்கலாம்னு போனேன், திருமூர்த்தி மலை வரைக்கும். போறப்ப வலது பக்கம் காத்து, ஓலையப் பாத்துப் பாத்து, முழங்கை மடக்கி, கழுத்து மட்டும் கடைசில வலிச்சுது. காதுக்குள்ள அந்த இரைச்சல் ரெண்டு மணி நேரம். ஹெல்மெட்டக் கழட்டினாலும் அருவிச் சத்தத்துக்கு மேல அது ஓடிட்டே இருந்துச்சு.

திரும்பறப்ப தாராபுரம் வழியா வரலாம்னு கெழக்க திரும்பினேன். அங்க ஒரு விசயம் நடந்துச்சு, எதிர்பாக்கவே இல்ல. காத்து நேரா முதுகுக்கு வந்துருச்சு. ஆறாவது கியர், எழுவது எம்பதுல போறேன், காதுக்குள்ள இரைச்சல் பாதியாயிருச்சு, அப்பறம் ஒரு எடத்துல பெருங்காத்து ஒண்ணு வந்து வண்டியோட ஒட்டுக்கா ஓடுது, சத்தமே போயிருச்சு. ஒரு மாசம் ஓட்டி இப்பத்தான் இந்த எஞ்சின் சாதாரணமா எப்படிப் பேசும்னு கேட்டேன். அடியில தையல் மிஷின் ஓடற மாதிரி ஒரு சத்தம். செயின் ஓடறது கேட்டுச்சு. ரோட்டோரத்துல ஒருத்தரு ஆட்ட ஓட்டிட்டுப் போறாரு, அவரு நாக்கச் சொடக்கினது கூடக் கேட்டுச்சு.

தென்ன ஓலையெல்லாம் நான் போற பக்கமே நீட்டிட்டு இருந்துச்சு. தாராபுரம் வர்ற வரைக்கும் கையத் தொறக்கவே இல்ல.