ஆள் இல்லாத அறையில் தேடியவர்கள்

"அங்கிள், உள்ள ஆள் இருக்கா?"

சிங்கப்பூரில் எங்கள் கட்டடத்துக்கு வந்த வண்டியிலிருந்து இறங்கிய தீயணைப்பு அதிகாரி கேட்ட முதல் கேள்வி இதுதான். தீ எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது அலாரப் பலகையிலேயே தெரிந்தது. நான்காம் மாடி ஜன்னலில் புகையாகவும் தெரிந்தது. பலகைக்குப் பக்கத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அண்ணன், கையில் வருகைப் பதிவேட்டோடு நின்றார். அவருடைய பெயர்ப்பட்டையைப் பார்த்துத்தான் அந்த இளம் அதிகாரி தமிழில் கேட்டிருக்க வேண்டும்.

"ஒருத்தர் உள்ள வந்த கையெழுத்து இருக்கு தம்பி. வெளிய போன கையெழுத்து இல்ல. கூடுற இடத்துலயும் ஆளக் காணோம்."

"எந்த மாடி?"

"நாலு. ஏர்கான் சர்வீஸ்."

பேச்சு அவ்வளவுதான். சுவாசக் கருவி மாட்டிய இருவர் படியேறினார்கள். சுமார் 18 நிமிடம் கழித்து "கிளியர்" என்று ரேடியோவில் வந்தது. கொஞ்ச நேரத்தில் சரக்கு இறக்கும் லோடிங் பே பக்கமிருந்து அந்த ஏர்கான் ஊழியர் கையில் தேநீர்ப் பொட்டலத்தோடு நடந்து வந்தார். கழுத்தில் எங்கள் கட்டடத்தின் பாஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் காயமில்லை. பழைய அட்டைப் பெட்டிகளும் ஒரு பேட்டரி சார்ஜரும் இருந்த சாமான் அறை எரிந்தது; நீர் அடித்து அணைத்தார்கள். அறிக்கையில் இது சிறிய சம்பவம். ஆனால் அந்த நான்கு வரிப் பேச்சைத்தான் நான் இன்னமும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன் சொன்னது சரியான பதில். இதில் எனக்குச் சந்தேகமில்லை, பெரும்பாலான நாட்களில். அந்த இடத்தில் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று. "எல்லாரும் வந்தாச்சு" என்றால் அதிகாரியின் திட்டமே வேறாகிவிடும். படிக்கட்டின் பாதுகாப்பில் நின்றபடி தீயை அடிக்கலாம், கதவுகளை மூடிப் புகையை அடைக்கலாம், அவசரமில்லை. "தெரியல" என்றால் ஆள் இருப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு மாடியாகத் தேட வேண்டிவரும். "ஒருத்தர், நாலாம் மாடி, இந்த வேலை" என்பதுதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த பதில். தேடும் இடம் குறுகுகிறது, நேரம் மிச்சமாகிறது. பயிற்சிகளில் இதைத்தான் சொல்லித் தருகிறோம்: எத்தனை பேர், எந்த மாடி, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள்.

அந்தக் கடைசிப் பகுதி அண்ணனின் பதிலில் இல்லை. அவர் சொன்னது பதிவேடு சொன்னதை மட்டுமே. அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே வந்த நேரம், பெயர், நிறுவனம், மாடியும் வேலையும், தொடர்பு எண், பாஸ் எண், வெளியே போன நேரம் என்று ஏழு கட்டம். தொடர்பு எண் கட்டத்தில், வேலைக்கு வரும் குத்தகைக்காரர்கள் தங்கள் நிறுவனத்தின் அலுவலக எண்ணைத்தான் எழுதுவார்கள். ஊழியரின் கைப்பேசி எண்ணை எழுத வேண்டும் என்று நாங்கள் எங்கும் போடவில்லை. அன்று சனிக்கிழமை. அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. கைப்பேசி எண் இருந்திருந்தால் ஒரே அழைப்பில், "காப்பிக் கடையில இருக்கேண்ணே" என்று பதில் வந்திருக்கும். இருவர் மேலே போயிருக்க வேண்டியதில்லை.

மேலே போவது என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லும் நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை.

பரவலாகப் பயன்படும் காற்று சிலிண்டர் 6.8 லிட்டர் கொள்ளளவு கொண்டது; 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று. நிதானமாக நடப்பவருக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் போதும். புகைக்குள் தவழ்ந்து, மேசை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு தேடுபவர் 80 லிட்டரையும் தாண்டுவார். கணக்குப் போட்டால் 25 நிமிடம். அதிலும் கடைசி ஐம்பத்துச் சொச்சம் பாரில் எச்சரிக்கை விசில் அடிக்கத் தொடங்கிவிடும். அந்த மிச்சம் ஆபத்துக்கென்று வைத்தது, தேடுவதற்கு அல்ல. உள்ளே போன தூரத்தைத் திரும்பி வரவும் காற்று வேண்டும். அதனால்தான் நுழைவிடத்தில் ஒருவர் பலகையோடு நிற்கிறார். யார் உள்ளே, எத்தனை மணிக்குப் போனார், அப்போது எத்தனை பார் என்று குறித்துக்கொண்டு, உள்ளே இருப்பவரின் காற்றை வெளியிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பது அவர் வேலை. எங்கள் பதிவேட்டைவிடப் பல மடங்கு ஒழுங்கான பதிவேடு அது.

இதற்கு மேல் சிங்கப்பூரின் வெக்கை. தடித்த உடை, தலைக்கவசம், சிலிண்டர், கருவிகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். தீயின் பக்கம் போவதற்கு முன்பே, நான்கு மாடி ஏறும்போதே உடம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். வெளியே வந்தவுடன் மேலங்கியைத் திறந்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தார்களே, அது களைப்பினால் மட்டும் அல்ல. உடல் சூட்டை இறக்காமல் மறுபடி உள்ளே போகக் கூடாது.

புகையில் கண் தெரியாது. ஒரு கை சுவரை விடாமல் பிடித்திருக்கும், மற்றொரு கையும் காலும் தரையைத் துழாவும். வெப்பத்தைக் காட்டும் கேமரா உதவும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சாமான் குவியலுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அது காட்டாது. புகைக்குப் பயந்தவர்கள் கழிவறைக்குள் ஓடுவார்கள், கதவுக்குப் பின்னால் சுருண்டு விழுந்திருப்பார்கள், மேசைக்கடியில் இருப்பார்கள். எல்லாவற்றையும் கையால் தொட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அறையின் மேற்பகுதியில் வெப்ப வாயு சேர்ந்துகொண்டே போய் 500, 600 டிகிரியைத் தொட்டால் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குள் வெளியேறிவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம், நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது. ஆள் இருக்கும் அறையைவிட ஆள் இல்லாத அறையில் தேடுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ஆள் கிடைத்துவிட்டால் தேடல் அங்கே நின்றுவிடும். கிடைக்காவிட்டால் கடைசி மூலை வரை போயாக வேண்டும். "இல்லை" என்று சொல்ல ஒவ்வோர் அங்குலமும் பார்த்திருக்க வேண்டும். ஆக, எங்கள் பதிவேட்டின் காலிக் கட்டம் அந்த இருவரையும் கொண்டுபோய் நிறுத்தியது இருப்பதிலேயே நீண்ட தேடலில்.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். "நீங்க சொன்னதுதாண்ணே சரி" என்றேன். "சரின்னா ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

ஹெண்டர்சன் சாலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தீயை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பர் 8. உள்ளே போன 19 வயது முழுநேர தேசிய சேவையாளர் உயிரோடு திரும்பவில்லை. தீயணைப்புப் பணியில் குடிமைத் தற்காப்புப் படை இழந்த முதல் வீரர் அவர். நம் புளோக்கில் மின்தூக்கியில் பார்க்கிற பையன்களின் வயது அது. அண்ணனின் மகனும் தேசிய சேவையில் இருந்தவன்தான். அந்த இருவரும் படியேறியபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை.

நன்றியைப் பற்றி யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். காப்பாற்றப்பட்டவரின் முகம் இருந்தால் நன்றி தானாக வந்துவிடுகிறது. 2025 ஏப்ரல் 8இல் ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுபோய் மூன்றாம் மாடியிலிருந்த பிள்ளைகளை இறக்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 26இல் தஞ்சோங் காத்தோங் சௌத் சாலையில் பள்ளம் விழுந்து கார் உள்ளே போனபோது, ஊழியர்கள் எழுவர் நைலான் கயிற்றைப் போட்டு அதை ஓட்டிய பெண்மணியை மேலே இழுத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய மேற்பார்வையாளர் ஒரு தமிழர். இரண்டு செய்தியையும் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. அங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை; பிள்ளைகள் ஜன்னலில் தெரிந்தார்கள், பெண்மணி காருக்கு வெளியே நின்றார். கண்முன் தெரிகிற ஆளுக்காகத் துணிவது ஒரு பெருமை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்காக, வேறு யாரோ எழுதிய கையெழுத்தை நம்பி உள்ளே போவது வேறொன்று. அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் படம் கிடையாது, கட்டித் தழுவ ஆள் கிடையாது. "கிளியர்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

1986 மார்ச் 15இல் இடிந்து விழுந்த ஹோட்டல் நியூ வேர்ல்டும் அப்படிப்பட்ட இடம்தான். ஆறு மாடி, கீழே வங்கி, மேலே தங்கும் அறைகள். எந்த ஒரு பட்டியலிலும் அடங்காத கூட்டம். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தாங்களாகவே வந்து இடிபாட்டுக்குள் சுரங்கம் குடைந்தார்கள். மொத்தம் 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள்; இறந்தவர்கள் 33 பேர். அந்த 17 பேரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குடைந்து பார்த்து யாருமில்லாமல் திரும்பிய குழிகளும் இருந்திருக்கும்தானே.

சம்பவத்துக்குப் பிறகு சில மாற்றங்கள் செய்தோம். ஊழியரின் சொந்தக் கைப்பேசி எண் கட்டாயம். லோடிங் பே கதவிலும் ஒரு காவலர். பாஸைத் திருப்பிக் கொடுக்காமல் யாரும் வெளியேற முடியாது. கட்டடத்தில் ஒரு வேலையைச் செய்யத் தரும் அனுமதிச் சீட்டின் நகல் ஒன்று தீக் கட்டுப்பாட்டு அறையில் மாடிவாரியாகத் தொங்கும். கூடுமிடத்தில் குத்தகைக்காரர்களுக்குத் தனி வரிசை. 995ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டி 8 நிமிடத்தில் வந்துவிடும் என்பதுதான் கணக்கு. அந்த 8 நிமிடம் நமக்குக் கொடுத்த நேரம், அதற்குள் ஆள் கணக்கு முடிய வேண்டும் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்கிறோம்.

உலர் நீர்க்குழாயையும் அப்போதுதான் உன்னிப்பாகப் பார்த்தோம். 10 மீட்டருக்கு மேல் 60 மீட்டர் வரை உயரமுள்ள கட்டடங்களில் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் இருக்காது. வண்டியின் பம்ப் கீழே இணைத்து அழுத்திய பிறகுதான் ஏறும். இடையில் ஏதோ ஒரு மாடியில் வால்வு திறந்து கிடந்தால் தண்ணீர் அங்கேயே கொட்டிவிடும், மேலே ஹோஸ் பிடித்து நிற்பவர் வெறுங்கையோடு காத்திருப்பார். எங்கள் இரண்டாம் மாடி வால்வு முழுதாக மூடியிருக்கவில்லை என்பது அடுத்த சோதனையில் தெரிந்தது. அன்றைய தீ பெரிதாக இருந்திருந்தால் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவும் செய்தும், மூன்று மாதம் கழித்து நடந்த ஒத்திகையில் இரண்டு பாஸ்கள் கணக்கில் வரவில்லை. ஒருவர் பாஸை நண்பரிடம் கொடுத்துவிட்டு மருந்தகத்துக்குப் போயிருந்தார். மற்றவர் கழிவறையில் இருந்தார், அலாரம் சோதனைதானே என்று வரவில்லை. முதலாமவருக்காக யாரும் உள்ளே போகத் தேவையில்லை. நிஜத் தீயாக இருந்து இரண்டாமவருக்காகப் போகாவிட்டால் அவர் இறந்திருப்பார். பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான், ஒரே மாதிரிக் காலிக் கட்டம். படிவத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த எனக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. காலிக் கட்டம் இருந்தால் "காணோம்" என்றுதான் இனியும் சொல்லப்போகிறோம். இனியும் இருவர் படியேறத்தான் போகிறார்கள்.

அந்த நிலையத்துக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது நான் இப்படித் தொடங்கினேன்: "எங்கள் பதிவேட்டில் மட்டும் இருந்த ஒருவரை நீங்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடினீர்கள்." அண்ணன் படித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். "அவங்க தேடுனது அந்தப் பையனத்தான். பதிவேட்ட இல்ல" என்றார். நம் தவற்றைச் சொல்லாமல் நன்றி சொல்வது முழுமையாகாது என்று நான் வாதாடினேன். நம் மனபாரத்தை அவர்கள் தலையில் இறக்கிவைக்கக் கூடாது என்றார் அவர்.

அந்த வரி இல்லாமல்தான் கடிதம் போயிற்று. தேதி, நேரம், மாடி, வந்த வண்டிகள், "மிக்க நன்றி". கீழே அண்ணனும் கையெழுத்துப் போட்டார். அந்த வரி என் கணினியில் தனியாக இருக்கிறது. அவர் சொன்னதுதான் சரி என்று சில நாள் தோன்றுகிறது.