ஓட்டை எந்தப் பக்கம்?

இரும்பு உருக்கும் ஊதுலைக்குள் சூடான காற்றை ஊதும் செம்புக் குழல்தான் டுயர். எரிந்துபோன டுயரை உலையிலிருந்து கழற்றி வெளியே போட்டதும், அது எத்தனை மாதம் ஓடியது என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். நான் முதலில் தேடுவது ஓட்டை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை. விசாரணையை எங்கே தொடங்குவது என்று அது காட்டிவிடும்.

பெரிய உலையைச் சுற்றி 30, 40 டுயர்கள் வரை இருக்கும். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் காற்று, நொடிக்கு 200 மீட்டர் அளவு வேகத்தில் அவற்றின் வழியே பாய்கிறது. உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டுயரின் நுனியை மூக்கு என்போம். அதற்கு முன்னால் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) எரியும் இடத்தில் தீ 2,000 டிகிரியைத் தாண்டும். மூக்கோ செம்பு, 1,085 டிகிரியில் உருகிவிடும். எஃகு இன்னும் அதிகச் சூட்டைத் தாங்குமே, ஏன் செம்பு என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே உண்மையில் தாங்குவது உள்ளே ஓடும் தண்ணீர். வந்த வெப்பத்தைத் தாமதமில்லாமல் தண்ணீரிடம் சேர்ப்பது மட்டுமே உலோகத்தின் வேலை. அதில் எஃகு மிக மந்தம். செம்பிலேயே பாஸ்பரஸ் சிறிதளவு கலந்தாலும் வெப்பம் கடத்தும் திறன் வெகுவாக விழுந்துவிடும். அதனால் புது டுயர் வாங்கும்போது நீரழுத்தச் சோதனையோடு நிறுத்தாமல், செம்பின் கடத்துத்திறன் அளவீட்டையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இந்தச் சிக்கல் பழையது. 1828இல் ஸ்காட்லாந்தின் நீல்சன் சூடான காற்றை ஊதும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குளிர்ந்த காற்றுக்கு ஈடுகொடுத்த குழல்கள் அந்தச் சூட்டுக்கு நிற்கவில்லை. தண்ணீர் ஓட்டுவது கட்டாயமானது.

பழைய வடிவங்களில் உள்ளே ஒரே பெரிய அறை. தண்ணீர் நிறைய நிற்கும், மெதுவாக நகரும். இப்போது மூக்குப் பகுதிக்குத் தனிக் குறுகிய பாதை வைத்து, நொடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தண்ணீரை விரட்டுகிறார்கள். உருகிய இரும்பு செம்பில் பட்டால் அதன் பின்புறம் தண்ணீர் கொதித்து நீராவிப் படலமாக மூடிக்கொள்ளும். படலம் வெப்பத்தை விடாது. அடுத்த கணம் செம்பு உருகும். வேகமான தண்ணீர் குமிழிகளைப் பிறந்த இடத்திலேயே துடைத்துப் போய்விடும். டுயரின் ஆயுளைக் கூட்ட எதையாவது ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால், நான் இந்த வேகத்தைத்தான் மாற்றுவேன். மூக்கில் நிக்கல்-குரோமியப் பூச்சு போடுவது கோக் உரசலுக்கு நல்லது. இரும்பு கொட்டும்போது அது பெரிதாகக் காப்பாற்றாது.

இனி ஓட்டைக்கு வருவோம். மூக்கின் அடிப்பக்கம் எரிந்திருந்தால், அடியில் இரும்பும் கசடும் தேங்கி மட்டம் ஏறியதா என்று இரும்பு வடித்த நேரங்களைப் பார்ப்பேன். கோக் நொறுங்கித் தூளாகி, இரும்பு கீழே வடிய வழியில்லாமல் போனாலும் இதே இடம்தான் எரியும். மேல்பக்கம் என்றால், உலைச் சுவரில் ஒட்டியிருந்த கட்டி ஏதாவது சரிந்ததா என்ற சந்தேகம் வரும். உள்வாய் அரித்திருந்தால் நிலக்கரித் தூள் ஊதும் குழாய் கோணம் மாறிச் சாய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த செம்பில் புது டுயர் மாட்டினாலும் அதே இடத்தில் அரிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள அளவு வித்தியாசம் முதல் சாட்சி. உலை உச்சி வாயுவில் ஹைட்ரஜன் ஏறுவது இரண்டாவது. டுயருக்குப் பின்னால் உள்ளே எட்டிப் பார்க்க இருக்கும் பீப் ஹோலில் நீலக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மற்ற டுயர்கள் வெளிச்சமாக இருக்க, கசியும் அந்த ஒன்று மட்டும் மங்கிக் கிடக்கும். அந்த நிலையில் தண்ணீரைக் குறைத்துவிட்டு, அடுத்த பராமரிப்பு நிறுத்தம் வரை இழுத்துப் பார்க்கலாம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போனதே இல்லை. உள்ளே சொட்டும் நீர் உலையின் சூட்டைத் தின்னும், அடிப்பகுதியின் கார்பன் செங்கற்களையும் அரிக்கும். டுயரைச் சில மணி நேரக் காற்று நிறுத்தத்தில் மாற்றிவிடலாம்; அந்தச் செங்கலை மாற்ற உலையையே அணைக்க வேண்டும்.