மான்டே கார்லோ: பாயில் விரித்து ஆடிய நூறு ஆட்டம்

மான்டே கார்லோ என்ற தனியாள் சீட்டாட்டத்தில் நேற்று இரவு நூறாவது ஆட்டம் முடிந்தது. இரண்டு மாதமாக ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு வரி எழுதி வருகிறேன்: ஜெயித்தேனா, இல்லையென்றால் எத்தனை சீட்டு மிச்சம். நூறில் ஜெயித்தது 13. முதல் 31 ஆட்டத்தில் 2, அடுத்த 69-ல் 11. அந்த 31-வது ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு முதலில் விதி. ஜோக்கர் இல்லாத 52 சீட்டு. நன்றாகக் கலைத்து, இடமிருந்து வலமாக ஐந்து, அதற்குக் கீழே ஐந்து என்று ஐந்து வரிசை, மொத்தம் 25 சீட்டை மல்லாத்தி வைக்க வேண்டும். மிச்சம் 27 கையில் கட்டாக இருக்கும். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு ஒன்றையொன்று தொட்டு நின்றால் அந்த ஜோடியை எடுத்துவிடலாம். பக்கவாட்டில் தொடலாம், மேல் கீழாகத் தொடலாம், மூலைக்கு மூலை தொட்டாலும் சரி. ஸ்பேடா ஆட்டினா என்ற கவலையே இல்லை. ஏழுக்கு ஏழு, ராணிக்கு ராணி, அவ்வளவுதான். எடுத்தபின் விழுந்த ஓட்டையை அடைக்க, பின்னால் இருக்கும் சீட்டெல்லாம் வரிசை குலையாமல் முன்னுக்கு நகரும். இரண்டாம் வரிசையின் முதல் சீட்டு, முதல் வரிசையின் கடைசி இடத்துக்கு ஏறும். கடைசியில் காலியாகும் இடங்களுக்குக் கட்டிலிருந்து புதுச்சீட்டு. 52-ம் போய்விட்டால் ஜெயம். தொடும் ஜோடி ஒன்றுகூட இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது.

முதல் ஆறு ஆட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சீட்டை இடப்பக்கம் நகர்த்தாமல் மேலே இருக்கும் ஓட்டைக்கு நேராக ஏற்றிக்கொண்டிருந்தேன். அது வேறு ஆட்டமாகிவிடுகிறது.

ஆடுகிற இடமும் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. டைல்ஸ் தரையில் சீட்டு வழுக்குகிறது, மேஜையில் ஃபேன் காற்றுக்குப் பறக்கிறது. வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடியாது. கடைசியில் கோரைப்பாய் கைகொடுத்தது. பாயின் சொரசொரப்பில் சீட்டு அசையாமல் நிற்கிறது, பாயின் கோட்டை வைத்தே வரிசையை நேராக்கிக்கொள்ளலாம். நகர்த்தும்போது ஒவ்வொன்றாகத் தள்ளினால் எங்கோ ஓரிடத்தில் வரிசை மாறிவிடும். ஓட்டையிலிருந்து கடைசி வரை உள்ள சீட்டை வரிசையாகக் கையில் அள்ளி, மறுபடி முதலிலிருந்து போட்டு வருவதே பிசகாத வழி.

முப்பது ஆட்டம் வரை கண்ணில் பட்ட ஜோடியை உடனே எடுத்தேன். கட்டில் பதினொரு சீட்டு இருக்கும்போதே நின்றுபோன ஆட்டங்கள் உண்டு. இது முழுக்க அதிர்ஷ்டம்தான் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். அது தவறு.

31-வது ஆட்டத்தில் வலது ஓரத்தில் மூன்று ஜாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மேல் இரண்டையும் எடுக்கலாம், கீழ் இரண்டையும் எடுக்கலாம். மேல் இரண்டை எடுத்து நெருக்கியதும், அதுவரை தொடாமலிருந்த இரண்டு ஒன்பது மூலைக்கு மூலை வந்து ஒட்டிக்கொண்டன. ஏன் என்று புரிய, இடங்களுக்கு 1 முதல் 25 வரை எண் போட்டுப் பார்த்தேன். ஜாக்கிகள் 10, 15, 20-ல் இருந்தன. ஒன்பதுகள் 7-லும் 14-லும். 10-ம் 15-ம் போனபோது, இரண்டு ஒன்பதுக்கும் நடுவே இருந்த ஒரு சீட்டு மட்டும் போயிற்று. பின்னால் இருந்த ஒன்பது 13-க்கு வந்தது. வித்தியாசம் 7-லிருந்து 6 ஆனது. கீழ் இரண்டு ஜாக்கியை எடுத்திருந்தால் ஒன்பதுகள் அசைந்தே இருக்காது.

அன்றிரவு ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எண்களோடு உட்கார்ந்தேன். இரண்டு சீட்டின் இட எண்ணில் வித்தியாசம் 1, 4, 5 அல்லது 6 என்றால் அவை தொடும். ஓரங்களில் மட்டும் விலக்கு உண்டு. 5-ம் இடமும் 6-ம் இடமும் அடுத்தடுத்த எண்தான், ஆனால் ஒன்று வலக்கோடியில், மற்றது கீழே இடக்கோடியில். இவற்றுக்கு முன்னால் ஒரு ஜோடி போனால் இரண்டும் 3, 4 ஆகி ஒட்டிக்கொள்ளும். வித்தியாசம் 7 என்றால் நடுவே ஒரு சீட்டு போக வேண்டும், 8 என்றால் இரண்டு. வித்தியாசம் 2 என்றால் நடுவில் நிற்கும் அந்த ஒற்றைச் சீட்டு. ஆக, எந்த ஜோடியை எடுக்கலாம் என்று தேடுவதோடு, எந்தச் சீட்டு போனால் எந்த ஜோடி சேரும் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த ஆட்டம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. மேல் வரிசையில் தொட்டு நிற்கும் ஜோடி எங்கும் போகாது. கீழே என்ன எடுத்தாலும் அது அசையாது. ஆகையால் அதை உடனே எடுப்பதில்லை. நான் ஆடும் விதியில் எப்போது வேண்டுமானாலும் நெருக்கலாம், எல்லா ஜோடியையும் எடுத்துத் தீர்த்தபின்தான் நெருக்க வேண்டும் என்றில்லை. அதனால் மேல் ஜோடியைச் சேமிப்பாக வைத்து, கீழே வழியில்லாதபோது எடுக்கிறேன். எடுத்த அந்த நொடியில் பின்னாலுள்ளவை எல்லாம் நகரும், ஓரத்தில் பிரிந்து நின்றவை சேரும். ஒரு மதிப்பில் இரண்டு போய்விட்டால் மிச்ச இரண்டும் ஒன்றுக்கொன்றுதான் ஜோடி என்பதால் அவற்றின் மேல் தனிக் கண் வைக்க வேண்டும்.

நூறு ஆட்டம் ஆடி எண்ணிப் பார்க்கும் எண்ணம் வந்ததற்கு ஸ்டானிஸ்லாவ் உலாம் காரணம். 1946-ல் மூளை அழற்சி நோயிலிருந்து தேறிவந்த அந்தக் கணித அறிஞர், கேன்ஃபீல்ட் என்ற தனியாள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். அது ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு, நூறு முறை ஆடி ஜெயித்ததை எண்ணிவிடுவதே சுலபம் என்று தோன்றியது. அந்த யோசனையை, அணுப்பிளவு நடக்கும் பொருளினுள் நியூட்ரான்கள் போகும் பாதையைக் கணிக்க, இன்னொரு கணித அறிஞரான ஜான் வான் நியூமனோடு சேர்ந்து வளர்த்தார். அந்த முறைக்கு மான்டே கார்லோ என்று பெயர் சூட்டியவர் அவர்களோடு வேலை பார்த்த நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ். மொனாக்கோ நாட்டில் மான்டே கார்லோவில் உள்ள சூதாட்ட விடுதிக்குப் போக உலாமின் உறவினர் ஒருவர் கடன் வாங்குவது வழக்கமாம், அதை வைத்து வந்த பெயர். என் பாயில் இருந்த ஆட்டத்துக்கும் அதே பெயர் என்றதும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. 31-ம் 69-ம் சிறிய எண்கள், 2-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கலாம் என்பதையும் அதே படிப்புதான் சொல்லிக்கொடுத்தது.

அம்மாவுக்கு வீட்டில் சீட்டுக்கட்டு இருப்பதே பிடிக்காது. "வீட்டுல சீட்டு எதுக்குப்பா?" என்று முதல் வாரம் முழுக்கக் கேட்டார். காசும் இல்லை, எதிராளியும் இல்லை என்று பார்த்தபின் பாயின் ஓரத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். மூலைக்கு மூலை தொடும் ஜோடி என் கண்ணுக்கு முன் அம்மா கண்ணில் படுகிறது. "அந்த ரெண்டு ஏழையும் விட்டுட்டியே" என்பார். விட்டதல்ல, வைத்திருக்கிறேன் என்று விளக்கினால் கவனமாகக் கேட்கிறார்.

இப்போது என்னை உறுத்துவது கடைசி நான்கு சீட்டு. இரண்டு ராஜா, இரண்டு ஆறு மிச்சம் என்று வையுங்கள். ஒரே வரிசையில் ராஜா, ராஜா, ஆறு, ஆறு என்று வந்தால் ஜெயம். நடுவில் ஆறு இரண்டும் சேர்ந்து ஓரங்களில் ராஜா நின்றாலும் ஜெயம். ஒன்றுவிட்டு ஒன்றாக ராஜா, ஆறு, ராஜா, ஆறு என்று நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இப்படி ஐந்து ஆட்டம் போயிருக்கிறது, நேற்றைய நூறாவதும் அதில் ஒன்று. எட்டு, பத்து சீட்டு இருக்கும்போதே இதைத் தடுக்க வழியிருக்கிறதா என்று பார்க்க, கட்டு தீர்ந்தவுடன் பாயில் இருக்கும் சீட்டை வரிசையோடு நோட்டில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். தோற்றால் அதே அடுக்கை மறுபடி வைத்து வேறு ஜோடியிலிருந்து ஆடிப் பார்க்கலாம். 101-வது ஆட்டத்துக்குப் புதுப் பக்கம் கோடு போட்டாயிற்று.