சப்டைட்டில் நாட்கள்

7 ஏப்ரல் 2023
திருநங்கை அக்கா ஒருவரைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்துக்கு ஆங்கிலச் சப்டைட்டில் வேலையைத் தொடங்கி, 39-ஆம் நிமிடத்தில் நின்றுவிட்டேன். 2009-இல் எடுத்த காட்சி அது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார்; வாசலில் நிற்கும் அவருடைய அம்மா, "அது சாப்பிடாமக்கூடப் போகுது" என்கிறார். இந்த ‘அது’வை நான் என்னவென்று எழுதுவது?

8 ஏப்ரல்
ஒன்றும் எழுதவில்லை.

10 ஏப்ரல்
பழைய காட்சிகளில் எல்லோரும் ‘அரவாணி’ என்றே சொல்கிறார்கள். 2008-இல் அரசு அமைத்த வாரியத்துக்கே அரவாணிகள் நல வாரியம் என்றுதான் அப்போது பெயர். படத்தின் பிற்பாதியில் அதே அக்கா தம்மைத் திருநங்கை என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறார். எனக்கு உதவும் பிள்ளைக்கு 22 வயது. இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடலாம் என்கிறார். நான் ஒப்பவில்லை. ஒரு சொல் உதிர்ந்து இன்னொன்று முளைத்ததைப் படம்பிடித்துவிட்டு, அடியில் ஓடும் எழுத்தில் அதை அழிப்பது என்ன நியாயம்? (தெருவில் ஒருவன் ‘ஒன்பது’ என்று கத்தியதை ஒலிக்கலவையில் அமுக்கியவனும் நான்தான்.)

14 ஏப்ரல்
அக்காவின் அம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சு வரவில்லையாம். அவரிடமே ‘அது’வைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன், இன்று அந்த நினைப்பே வெட்கமாக இருக்கிறது.

15 ஏப்ரல்
திருநங்கையர் நாள். அக்கா மருத்துவமனையிலேயே இருந்துவிட்டார்.

18 ஏப்ரல்
தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் இன்று தொடங்கியது. வேலையை விட்டுவிட்டு நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண், பெண் என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று அத்தனை பெரிய அவையில் வாதாடுவதைக் கேட்கையில் என் பதினெட்டு வயது நினைவுக்கு வந்தது. அப்போது அச்சில் எனக்குக் கிடைத்த ஒரே சொல் ‘ஓரினச்சேர்க்கை’. அதில் செயல் மட்டும் இருந்தது, மனம் இல்லை. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் என்னிடம் வந்துசேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளரையும் திருநரையும் எப்படிச் சுட்டுவது என்று 2022 ஆகஸ்டில் அரசிதழில் வந்த சொற்பட்டியலை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அம்மாவின் ‘அது’வுக்கு அதில் விடை தேடுவது மூடத்தனம் என்று தெரிந்தும் இரண்டு முறை புரட்டிவிட்டேன்.

21 ஏப்ரல்
பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் ‘பேடு’ என்பவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் ‘பேடு’ என்பவரைப் பெண்பாலிலும் சேர்க்கிறது நன்னூல். அந்த இலக்கணம் விருப்பத்தைப் பார்த்துப் பால் பிரித்திருக்கிறது. ஆனால் இருவரும் அஃறிணைபோலவும் ஆவர் என்றுதான் அதே நூற்பா முடிகிறது; நாம் அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டோம். பிள்ளையிடம் இதைச் சொன்னேன். ஆணென்றும் பெண்ணென்றும் தம்மைச் சொல்லிக்கொள்ளாத அவர் சிரித்தார். ஆங்கிலத்தில் தமக்கான சுட்டுப்பெயரைக் கேட்டால் வீட்டில் சண்டை வருகிறதாம். தமிழில் ‘அவர்’ என்று சொல்லச் சொன்னால் மரியாதை கேட்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

22 ஏப்ரல்
மறுபடியும் 39-ஆம் நிமிடம். பதினொரு முறை ஓட்டினேன். வெறுப்பு என்று நினைத்துக் கேட்டால் வெறுப்பாகவே ஒலிக்கிறது.

26 ஏப்ரல்
அக்கா தொலைபேசியில் அழைத்தார். "அம்மா எந்திரிச்சு உக்காந்துச்சு, தானே கஞ்சி குடிச்சுது" என்றார்.

உக்காந்துச்சு. குடிச்சுது. பெற்ற தாயை அவர் அஃறிணை முடிவில் சொன்னபோது என் காதில் எதுவும் உறுத்தவில்லை. வாசலில் நின்ற தாய் தன் பிள்ளையைச் சொன்னதில்தான் இரண்டு வாரத்துக்கு மேலாக வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக அன்றைக்கு அங்கே வெறுப்பே இல்லை என்றும் எழுதிவிட முடியாது. அக்கா ஏன் சாப்பிடாமல் கிளம்பினார் என்பதும் படத்தில்தான் இருக்கிறது.

27 ஏப்ரல்
எழுவாயை எடுத்துவிட்டு, ‘சாப்பிடாமல்கூடப் புறப்பாடு’ என்பதுபோல் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நாளை அக்காவிடம் அந்தக் காட்சியைப் போட்டுக்காட்ட வேண்டும்.